ஹஜ்ரத் கேட்ட நாலு விநாடி

உலகத்தில் ஒட்டகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, மத நல்லிணக்கத்துக்குப் பெரிய தொண்டு செய்துவிட்டதாக நம்பிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒட்டகத்துக்கு மட்டுமல்ல, யானை, குதிரை, கோழி எல்லாவற்றுக்கும் மாட்டினேன். மீனுக்குக் காது இல்லாததால் கண்ணாடி நிற்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தவளக்குப்பம் மெயின் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் என் ஸ்டுடியோ. இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன், கொரோனாவில் கல்யாணங்கள் எல்லாம் இருபது பேரோடு முடிந்துபோன சமயத்தில் யூடியூபைப் பார்த்து அனிமேஷன் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றால், பந்தைக் குதிக்க வைப்பேன், எழுத்தைச் சுழல வைப்பேன். அதற்குள் வாசல் போர்டில் 'மல்டிமீடியா' என்று சேர்த்துவிட்டேன்.

அந்த போர்டைப் பார்த்துத்தான் ஹஜ்ரத் மாடி ஏறி வந்தார். பாகூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான மனிதர். தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டு, வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

"ஸ்கூல்ல எல்லாம் ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சு சார். சாயங்காலம் எங்கிட்ட வர்ற புள்ளைங்களுக்கு நான் ஒருத்தன்தான் போர்டு. அறுபது அரபி வார்த்தை. படம் அசையணும், என் குரல் வரணும். முடியுமா?"

முடியும் என்றேன். முடியாது என்று நான் எதற்கும் சொன்னதில்லை. அது என் தொழில் ரகசியம்.

ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். உயிருள்ளவற்றை வரையும்போது கண் மட்டும் போடாமல் இருந்தால் நல்லது, மதரஸாவில் அப்படித்தான் வழக்கம் என்றார். மனிதர்களுக்குக் கையை மட்டும் காட்டித் தப்பித்தேன். மிருகங்களுக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தபோது உதித்த ஞானம்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடி. கண் தெரியக் கூடாது, அவ்வளவுதானே? ஹஜ்ரத் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் கேட்டது இதில்ல சார். ஆனா நான் சொன்னதுல ஒண்ணும் மீறல" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு ஒரு மத்தியானம் நடந்தது. ஜன்னலைச் சாத்தி, ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, மைக்குக்கு முன்னால் அவரை உட்கார வைத்தேன். "கிதாப்... புத்தகம்" என்பார். நிறுத்துவார். நாலு விநாடி சும்மா இருப்பார். பிறகு மெதுவாக "ம்" என்பார். அடுத்து "கலம்... பேனா". மறுபடி நாலு விநாடி. மறுபடி "ம்".

"நடுவுல எதுக்கு ஹஜ்ரத் நிறுத்துறீங்க?"

"புள்ளைங்க திருப்பிச் சொல்லணும்ல சார்."

"இங்க புள்ளைங்க இல்லியே."

"எடம் வுட்டாதான் சொல்லுவாங்க."

மௌனத்தைப் பற்றி நான் நிறையப் படித்தவன். அலமாரியில் அது சம்பந்தமான புத்தகங்கள் மட்டும் ஒரு வரிசை இருக்கின்றன. ஆனால் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தால் நான் வேறு ஆள். திரையில் பேச்சு மலை மலையாகத் தெரியும், பேசாத இடம் தட்டையான கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு எங்கள் தொழிலில் ஒரே மருந்து கத்தரிதான். ஒரு விநாடி சும்மா இருந்தால் பார்க்கிறவன் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பது நான் கற்ற வேதம். அறுபது இடைவெளியையும் வெட்டினேன். அறுபது "ம்"மையும் வெட்டினேன். மிச்சத்துக்குப் பின்னால் டம் டம் என்று தட்டும் டிஸ்கோ மெட்டு ஒன்றைப் போட்டேன். ஒட்டகம் அதற்கு ஆடியது.

மதரஸாவில் போட்டுக் காட்டிய அன்று நாற்பது பிள்ளைகள் ஆரம்பம் முதல் முடிவுவரை சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிந்ததும் ஹஜ்ரத் கேட்டார்: "ஒட்டகத்துக்கு அரபியில இன்னா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் கையைத் தூக்கி, "டிஸ்கோ, ஹஜ்ரத்" என்றது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "எல்லாம் நல்லா இருக்கு சார். அந்த நாலு செகண்ட மட்டும் திருப்பி வச்சுக் குடுத்துடுங்க" என்றார். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் போனில் கேட்டார். ஒரு மண்டபத்து வேலை இருந்தது, அதற்கடுத்த வாரம் என்றேன். உண்மையில் அதைத் திருப்பி வைப்பது அரை நாள் வேலைகூட இல்லை. ரசிக்கப்பட்ட ஒரு படைப்பில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை மொபெட்டை ஓட்டிக்கொண்டு நனைந்தபடி மாடிக்கே வந்தார். "இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். அந்த மழையில் யாரும் எந்தப் பக்கமாகவும் வரமாட்டார்கள். சனிக்கிழமை கட்டாயம் தருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சு போய்விட்டது.

எனக்குச் செய்தி வந்தது அன்றைக்கே. போய்ப் பார்க்கவில்லை. மறுவாரமும் போகவில்லை. என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடி அந்த நாலு விநாடியைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை என்பதே எனக்கு ஒருவகையில் வசதியாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஜமாஅத் கொடுத்தது, ஹஜ்ரத்தாக இருக்கும்வரை இருக்கலாம். நான் போன நேரம் முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், இன்னும் இரண்டு பேருடன் வந்திருந்தார். ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். ஹஜ்ரத் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"ஓதச் சொல்லிப் பாருங்க பாய்" என்றார் அந்த அம்மாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

முத்தவல்லி முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். ஹஜ்ரத் கண்ணை மூடினார். அடுத்த கணம் அந்த அறையில் அவருடைய பழைய குரல் எழுந்தது. குர்ஆனின் முதல் அத்தியாயம், தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஒரு சொல் தடுக்கவில்லை. வந்திருந்தவர்கள் அழுதுவிட்டார்கள். அல்லாஹ் பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட முத்தவல்லி, அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டார்: "ஹஜ்ரத், டீ குடிக்கிறீங்களா?"

ஹஜ்ரத் வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை. உதடு குவிந்தது, விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு "ஆ" வந்தது, அதுவும் பாதியில் நின்றது. எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தோம். பிறகு புன்னகை இல்லாமல் காத்திருந்தோம். அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

வெளியே செருப்பு மாட்டும்போது முத்தவல்லி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நோன்புப் பெருநா முடிஞ்சு மதரஸா தொறக்கணும் சார். அதுவரிக்கும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நான் பாத்துக்குறேன். அதுக்கப்புறம் புள்ளைங்களுக்கு ஒருத்தர் வேணும். அவுருக்கு ஒரு வூடு வேணும். ஊர்ல இருக்கறதே இந்த ஒரு வூடுதான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரித்ததில் தெரிந்தது, மூன்று வாரமாகப் பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகவே இல்லை. "அதான் ஓதுறாரே சார். ஓதுற வாய் பேசாதா?" என்றார் ஹஜ்ரத்தின் மனைவி. அதில் தப்புக் காண எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் அந்த "ஆ" காதிலேயே இருந்தது. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போய் இருவரையும் பிள்ளையார்குப்பம் அழைத்துப் போனேன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். மண்ணாடிப்பட்டுப் பக்கம், கரும்பு விவசாயி வீட்டுப் பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கரும்புக் கொல்லையில வண்டித் தடம் இருக்கும்லக்கா. மாடு அதுலயே தானா வூட்டுக்குப் போயிடும், ஓட்டுறவன் தூங்கலாம். ஓதுறது அந்தத் தடம். சின்ன வயசுலேர்ந்து போன தடம், அழியல. 'தண்ணி குடு'ன்றது வேற. அதுக்கு ஒவ்வொரு வாட்டியும் அவரே கயித்தப் புடிச்சுத் திருப்பணும்."

"அப்போ ஓதுறது வீணா?" என்றார் அந்த அம்மாள்.

"அய்யோ, இல்லக்கா. அது இருக்கறதாலதான் எனக்கு நம்பிக்கையே."

பிறகு பட அட்டைகளைக் காட்டினாள். குடை, நாற்காலி, பூட்டு. ஒன்றுமில்லை. புத்தகப் படம் வந்தது. ஹஜ்ரத்தின் உதடு அசைந்தது. "கிதாப்" என்றார்.

அவர் மனைவி சந்தோஷத்தில் என் சட்டையைப் பிடிக்காத குறை. அதற்குள் ஹஜ்ரத் கண்ணை மூடி, "கலம், பாப், பைத், மிஃப்தாஹ், குர்ஸி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பதிவு செய்த அதே அறுபது, அதே வரிசை. பதினைந்து வருடமாக தினம் சாயங்காலம் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை. முப்பதைத் தாண்டியும் நிற்கவில்லை.

பெண் உதட்டைப் பிதுக்கினாள். "இதுவும் தடம்தான் சார்" என்றாள் என்னிடம். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து, "இந்த வார்த்தைங்களுக்குப் படம் எதுனா இருக்கா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக என் தொழிலைப் பற்றிக் கூச்சத்தோடு சொன்னேன். இருக்கிறது, ஆனால் நீங்கள் பார்க்கும்படி இல்லை என்றேன். அவள் போனில் அரை நிமிடம் பார்த்துவிட்டு, சிரிக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாட்டு வேண்டாம். ஆட்டம் வேண்டாம். மிருகங்களே இப்போதைக்கு வேண்டாம், வீட்டில் கைக்கு எட்டும் சாமான் மட்டும் போதும். வரிசையைக் கலைத்துவிட வேண்டும், ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி. முதலில் படம், அது என்னவென்று தெரிகிற அளவுக்கு ஒரே ஒரு அசைவு. சாவி திரும்பினால் போதும், கதவு திறந்தால் போதும். பிறகு பத்து விநாடி ஒன்றும் இருக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் குரல், அரபியில் ஒன்று, தமிழில் ஒன்று. அவருக்கு எது முதலில் வருகிறதோ வரட்டும்.

"குரலுக்கு அப்புறமும் கொஞ்சம் எடம் வுடுங்க சார். அவுரு திருப்பிச் சொல்லணும்ல" என்றாள்.



வெட்டிய வீடியோ கையில் இருந்தது. வெட்டாத பதிவு எங்கே என்று தெரியவில்லை. வெற்றிடத்தை நானே போட்டுக்கொள்ளலாம், அதற்கு யாருடைய குரலும் வேண்டாம்தான். ஆனால் வெட்டியபோது சொற்களின் வாலையும் சேர்த்து நறுக்கியிருந்தேன். சாவிக்கான 'மிஃப்தாஹ்' கடைசி மூச்சு இல்லாமல் நின்றது. முழுப்பதிவைத் தேடி ஒரு பகல் முழுக்கக் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். கடைசியில் குப்பைத்தொட்டியில் கிடைத்தது. நான் குப்பைத்தொட்டியைக் காலி செய்வதே இல்லை, எல்லாம் சோம்பேறித்தனம். என் சோம்பேறித்தனம் இதுவரை செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஃபோல்டருக்கு 'ஹஜ்ரத் வேஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தேன். மாற்றினேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல்முறையாக அந்தப் பதிவை முழுசாகக் கேட்டேன். தட்டைக் கோடு என்று நான் வெட்டிய இடமெல்லாம் சத்தம் இருந்தது. நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. கீழே கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவர் மூச்சு விட்டார். அவசரம் இல்லாத மூச்சு. யாரோ ஒரு பிள்ளை தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கிற ஆளின் மூச்சு. பிறகு, அது சொல்லிவிட்டதுபோல, "ம்". அறுபது தடவை அப்படி, அங்கே இல்லாத பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார், என்னுடைய காலி ஸ்டுடியோவில்.

அந்த "ம்" எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன். அந்தப் பெண் கேட்கவில்லை. நானாக வைத்தேன்.

அடுத்த மூன்று மாதமும் தினம் மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப்போடு அந்த வீட்டுக்குப் போனேன். யாரும் அதட்டவில்லை, கெஞ்சவில்லை. போகாவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் தண்ணீர் டம்ளர் படம் வந்தது. தண்ணீர் லேசாக அலம்பியது. பத்து விநாடி. பத்து விநாடி எவ்வளவு நீளம் என்பது, சொல் கிடைக்காத ஒருவருக்கு எதிரே உட்கார்ந்தால்தான் தெரியும். நாலாவது விநாடியில் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஹஜ்ரத்தின் மனைவி என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். பிறகு லேப்டாப்பிலிருந்து "மாஃ... தண்ணீர்" என்று அவர் குரலே வந்தது. அவர் திடுக்கிட்டார். நாலு விநாடி கழித்து "ம்" என்றது. ஹஜ்ரத் இடது கையால் லேப்டாப்பைத் தள்ளினார். அழுதார். அன்றைக்கு அத்தோடு மூடிவிட்டேன்.

இரண்டாம் நாளும் தள்ளினார். மூன்றாம் நாள் தள்ளவில்லை, பார்க்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்க்க ஆரம்பித்தார். உதடு அசையும், சத்தம் வராது. நடுவில் தப்பான சொல்லாக வரும். கதவைப் பார்த்து 'கலம்' என்பார், தப்பு என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். அப்போதெல்லாம் லேப்டாப்புக்குள் இருந்தவர் மட்டும் கோபப்படாமல் நாலு விநாடி இருந்துவிட்டு "ம்" என்பார். ஆரோக்கியமான ஒரு மனிதர், நோயாளியான தனக்காகவே பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் சாவி வந்தது. பூட்டுக்குள் நுழைந்து அரை வட்டம் திரும்பியது. விநாடி ஓடியது. எட்டு, ஒன்பது.

"மி..." என்றார்.



"மிஃப்... தாஹ்."

சொல்லிவிட்டு அவரே நம்பாமல் எங்களைப் பார்த்தார். அவர் மனைவி ஓடிப்போய் வாசல் கதவில் தொங்கிய நிஜச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அவர் அதை இடது கையில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லேப்டாப்பில் என்னென்னவோ படங்கள் போய்க்கொண்டிருந்தன.

"சா... வி" என்றார்.

அந்த அம்மாள் முக்காட்டால் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரொம்ப நேரம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேய்க்க அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் கிடையாது.

நோன்பு மாதம் பிறந்தது. ஹஜ்ரத்தின் மனைவி நோன்பு வைத்திருந்தார். ஆனாலும் எனக்கு மூன்றரைக்கு டீ வந்துவிடும். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "உங்களுக்கு நோன்பா இன்னா? குடிங்க" என்பார். பெருநாள் நெருங்கியபோது ஹஜ்ரத்திடம் நாற்பது சொல் போல இருந்தது. சொற்றொடர் இல்லை. 'தண்ணி', 'போதும்', 'வலி', 'வா'. முத்தவல்லி ஒருநாள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் எழுந்து போனார். வேறு ஊரிலிருந்து ஒரு இளம் ஹஜ்ரத்தைப் பேசி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஹஜ்ரத்தின் மனைவி பழைய புடவைகளை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார். நான் பார்க்கும்போது காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மதரஸா திறந்த அன்று முத்தவல்லி சொன்னார்: "தொழுக வைக்க, பெரிய புள்ளைங்களுக்கு ஓத எல்லாம் புது ஆளு வர்றாரு. சின்னப் புள்ளைங்க கிளாஸ ஒரு வாரம் இவுரே பாக்கட்டும். முடிஞ்சா இருக்கட்டும். முடியலன்னா... பாப்போம்."

புரொஜெக்டரை மாட்ட வேண்டும் என்ற சாக்கில் நானும் போனேன். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர். ஹஜ்ரத் நாற்காலியில் உட்கார்ந்தார். தடி சுவரில் சாய்ந்திருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் முத்தவல்லி நின்றார்.

சுவரில் புத்தகம் விரிந்தது. ஹஜ்ரத் பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

"கி... தாப்."

நின்றுவிட்டார். அடுத்த சொல்லுக்குத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்குப் பழக்கம். ஐயோ, இப்போது என்ன ஆகுமோ என்று முத்தவல்லியைத் திரும்பிப் பார்த்தேன்.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஹஜ்ரத் நிறுத்தினால் அது அவர்கள் முறை. "கிதாப்!" என்று இருபது பேரும் ஓடு பறக்கக் கத்தினார்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கத்தினார்கள். மூன்றாம் தடவை கத்தி முடித்தபோது அவருக்குச் சொல் கிடைத்துவிட்டது.

"புத்... தகம்."

"புத்தகம்!"

"ம்" என்றார் ஹஜ்ரத்.

அன்றைக்கு ஒன்பது சொல்தான் நடந்தது. வழக்கமாக ஒரு வகுப்பில் முப்பது போவாராம். முடிந்ததும் முத்தவல்லி ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒன்பதையும் கேட்டார். அது மூச்சு விடாமல் ஒப்பித்தது. வேறொரு பையனைக் கேட்டார். அவனும் சொன்னான். முத்தவல்லி வெளியே வந்து செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். பிறகு, "புது ஆளு கல்யாணம் ஆவாதவருதான். பள்ளிவாசல் மாடி ரூம்ல தங்கிக்குவாரு" என்றார்.

ஹஜ்ரத் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். முழுசாகத் தேறிவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. வலது கை தூக்க முடியவில்லை. போனில் பேசமாட்டார். நாலு சொல்லுக்கு மேல் கோத்தால் நடுவில் ஒன்று காணாமல் போய்விடுகிறது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் ஒருநாள், இதில் என் வீடியோவின் பங்கு எவ்வளவு என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். "முதல் ஆறு மாசம் கொஞ்சம் தானாவே வரும் சார். தானா வந்தது எவ்ளோ, நாம கொண்டாந்தது எவ்ளோன்னு பிரிக்க முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மூன்று தடவை கேட்டும் நான் கொடுக்காத நாலு விநாடியை, அவர் கேட்க முடியாமல் போன பிறகுதான் கொடுத்தேன். எதிரே இருப்பவர் பேசாமல் இருக்கும் நேரம் எனக்குச் சொந்தமான காலி இடம் இல்லை, அது அவருடைய முறை என்பது ஐம்பத்து மூன்று வயதில்தான் எனக்குப் புரிந்தது. இப்போது யாராவது சொல் தேடி நின்றால், எடுத்துக் கொடுக்கத் துடிக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் இதையெல்லாம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு ஹஜ்ரத்தின் மனைவியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படம் கிடம் எனக்கு இன்னா தெரியும் சார். நீங்க தெனம் ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம உக்காந்துக்கினு இருந்தீங்களே, அததான் இவுரு இன்னமும் நம்பமாட்டேங்கறாரு."